விளக்குச் சம்பந்தி

உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நாம் சின்னப் பெண்களாக இருந்த காலத்தில் ராயபுரத்தில் சம்பந்தி என்றால் இரண்டு வகை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் ஒரு வகை. விளக்குச் சம்பந்தி இன்னொரு வகை. இந்த இரண்டாவதைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், கிழவி கதை விடுகிறாள் என்று செல்போனுக்குத் திரும்பிக்கொள்கின்றன. நீங்களாவது கேளுங்கள். எனக்கும் எதையும் நின்று நிதானமாகச் சொல்ல வராது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் என்று அந்த வயசிலேயே பெயர் வாங்கியவள் நான். அங்கே இங்கே ஓடினாலும் வந்து சேர்ந்துவிடுவேன்.

கடலுக்கும் கூட்ஸ் வண்டித் தண்டவாளத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு ஓட்டுக் கட்டடம். அதில் வரிசையாகக் குடித்தனங்கள், ஆளுக்கு ஓர் அறை. அறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகாது. முக்கால் உயரத்தில் நின்றுவிடும். பக்கத்து அறையில் கருவாடு வதக்கினால் எங்களுக்குக் கஞ்சி இறங்கும். அவர்கள் வீட்டு இருமல், சிரிப்பு, சண்டை எல்லாம் சுவர் ஏறிக் குதித்து வரும். எங்கள் பக்கத்து அறை தையற்காரருடையது. அவருடைய கால் மிஷின் சத்தம் எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் போல. அது நின்றால்தான் எங்களுக்கு என்னவோ ஏதோ என்று இருக்கும்.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துவந்தவர். யுத்தம் முடிந்த கொஞ்ச காலத்தில், உடைத்து விற்ற ஒரு கப்பலிலிருந்து பெட்டி நிறைய பல்புகள் அவர் கைக்கு வந்தன. கப்பல் பல்பு நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்தது. எங்கள் தெருவுக்கு வந்த கரண்ட்டோ இருநூற்றிருபது. அந்தப் பல்பைத் தனியாக மாட்டினால் ஒரு மின்னல் மின்னும், அதோடு அதன் ஆயுசு முடிந்தது. ஆனால் இரண்டு பல்புகளை ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு சமர்த்தாக எரியும். வீட்டுக்காரர் அப்படித்தான் கோத்தார். ஒயர் முதலில் எங்கள் அறைப் பல்புக்கு வரும். அதிலிருந்து சுவரைத் தாண்டித் தையற்காரர் அறைப் பல்புக்குப் போகும். அப்புறம் திரும்பிப் போகும். எங்கள் கட்டடம் மட்டும் இல்லை, துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் இப்படி நிறைய வீடுகள் இருந்தன.

இதில் என்ன கூத்து என்றால், ஒருவர் பல்பைக் கழற்றினால் இருவருக்கும் இருட்டு. பனைமரத்தில் தேள் கொட்ட, தென்னைமரத்தில் நெறி கட்டின கதைதான். அதனால்தான் சம்பந்தி என்ற பெயர். விளக்கை அணைக்கும் முன் சுவரை இரண்டு தட்டு தட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வந்தால்தான் அணைக்கலாம். சம்பந்தி வீட்டில் விருந்தாளி வந்திருந்தால் நாமும் விளக்கை எரியவிட்டுக்கொண்டு கொட்டாவி விட வேண்டும். நைனாவும் தையற்காரரும் அந்த மழைக்காலம் வரைக்கும் ஒருவருக்கொருவர் நல்ல சம்பந்திகள்தான். நைனா என்றால் எங்கள் அப்பா. துறைமுகத்தில் சுமை தூக்கும் விஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஐப்பசியில் அம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு தம்பி பிறந்தான். பிறந்தான் என்று சொல்லவே அப்போது யாருக்கும் வாய் வரவில்லை. எலிக்குஞ்சு மாதிரி சிவப்பாக, தோல் சுருங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தான். ஆசுபத்திரியில் கொஞ்ச நாள் வெந்நீர் பாட்டில்களுக்கு நடுவில் வைத்திருந்து, மழையில் பிரசவக் கூட்டம் அதிகமாகிவிட்டதால், வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்த நர்ஸம்மா ஒருத்தி தினம் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். நல்ல மனுஷி. ஆனால் அவள் வாயிலிருந்து வந்த சொல் கல்வெட்டு.

“இந்தா பாரும்மா, கொழந்தைய தூக்காத. கொஞ்சாத. பாலாடையில பால் உடு, அதோட கைய எடுத்துடு. கை பட்டா கிருமி, குளிர் பட்டா ஜன்னி. இந்தச் சூடு மட்டும் கொறையவே கூடாது. கொறஞ்சா அப்பால என்னைக் கேக்காத,” என்றாள்.

அந்தச் சூட்டுக்கு நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். துறைமுகத்திலிருந்து ஒரு தேயிலைப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. அடியில் பஞ்சைப் பரப்பித் தம்பியைப் படுக்கவைத்து, கூரையில் தொங்கிய எங்கள் பல்பின் ஒயரை நீட்டிப் பெட்டிக்குள் இறக்கிக் கட்டினார். ஈயத்தாளில் வெளிச்சம் பட்டுத் திரும்பிப் பெட்டி கணகணவென்று ஆனது. முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு அதிகம் என்றால் ஒயரை ஒரு முடிச்சு ஏற்றுவார், குறைச்சல் என்றால் ஒரு முடிச்சு இறக்குவார். தம்பியின் கண்ணுக்கு மேல் ஒரு கைக்குட்டை மடிப்பு. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, பகலிலும் மெயின் சுவிட்சை அணைக்காமல் விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வெளிச்சம் கீழேயிருந்து மேலே வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எல்லார் முகத்திலும் தாடையும் மூக்குத் துவாரமும் மட்டும் தெரியும். எங்கள் நிழல்கள் ஓட்டுக்கூரையில் பூதம் பூதமாக அலையும். தம்பியைச் சுற்றித் தேயிலைத்தூள் வாசனை. இப்போதும் புது டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்குப் பச்சைக் குழந்தை ஞாபகம்தான் வருகிறது. என் மருமகளுக்கு இது புரிவதே இல்லை.

யாருக்கும் இருப்புக் கொள்ளாத காலம் அது. நைனா வேலைக்குப் போகும்போது வாசல்படி வரை போய்த் திரும்பி வந்து பெட்டியைப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பேன், மனசு மட்டும் பல்பிலேயே இருக்கும். மழை பெய்தால் கரண்ட் போகுமோ என்று பயம். கூட்ஸ் வண்டி போகும்போது சுவர் அதிர்ந்து பல்பு ஆடினால் பயம். அம்மா மட்டும் அசையமாட்டாள். பெட்டியின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு குந்தியிருப்பாள். கைவிரல் ஈயத்தாளில் படும்போது சரசரவென்று சத்தம் வரும். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.

எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. பகலில் ஒரு பட்டறையில் வேலை, சாயங்காலம் மின்சார வகுப்பு. சட்டைப்பையில் பேனா இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போகமாட்டார். எதைக் கேட்டாலும், “கணக்கு கீது,” என்பார். எங்கள் விளக்குக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். “ரெண்டு பல்பு, இருநூத்திருபது வோல்ட். ஆளுக்குப் பாதி நூத்திப்பத்து. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல,” என்று கையைத் தட்டிவிட்டுக்கொள்வார். இரண்டு பல்பும் அறுபது வாட்டாக இருந்தவரைக்கும் அவர் சொன்னது வேதவாக்கு.

அடுத்து வந்தது கிறிஸ்துமஸ் துணி. அந்த நாளில் டிசம்பர் பிறந்தால் ராயபுரத்தில் பாதிப்பேர் துணியைத் தூக்கிக்கொண்டு தையற்காரரைத் தேடுவார்கள். எங்கள் சம்பந்தி அறையில் துணி மூட்டை சுவர் உயரத்துக்கு ஏறிவிட்டது. வெளியே ஓயாத மழை. பகலே சாயங்காலம் மாதிரி இருக்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அவர் கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை. சொன்ன நாளில் துணி கொடுக்காவிட்டால் வருஷம் முழுக்க அவரிடம் ஒரு பொத்தான் தைக்கக்கூட ஆள் வராது. பாவம், அவர் கொருக்குப்பேட்டைப் பக்கம் பழைய சாமான் விற்கிறவனிடம் போய், தன் அறுபது வாட்டைக் கொடுத்துவிட்டு ஒரு நூறு வாட்டுக் கப்பல் பல்பை மாற்றிக்கொண்டு வந்தார். பெரிய பல்பு, பெரிய வெளிச்சம். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அவர் அதை மாட்டின நேரம் நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் பல்பு குபீரென்று வெள்ளையாக எரிந்தது. தம்பியின் முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை அரும்பியது. அம்மா கத்தினாள். நைனா ஓடிவந்து ஒயரை முடிச்சு முடிச்சாக மேலே ஏற்றினார். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தையற்காரரின் மிஷின் சத்தம் நின்றது.

“இன்னாமே இது, நூறு வாட்டு போட்டேன், முன்ன இருந்ததவிட மங்கலா எரிது,” என்று அவர் தன் சம்சாரத்திடம் சொல்வது கேட்டது. பிறகு சுவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “சம்பந்தி, அங்க இன்னா பண்ணிக்கினு கீற?”

“நீ இன்னா பண்ணிக்கினு கீற? புள்ள வெந்துபூடும் போல கீது,” என்றார் நைனா.

அந்தச் சுவருக்கு மேலே அன்று தொடங்கிய சண்டை இரண்டு நாள் ஓயவில்லை. தங்கள் கரண்ட்டை நாங்கள் உறிஞ்சுகிறோம் என்று அவர்கள். வேண்டுமென்றே ஏதோ தில்லுமுல்லு செய்து எங்கள் பக்கம் அதிகமாகத் தள்ளுகிறார்கள் என்று நாங்கள். மாமாவைக் கேட்டால், “ஆளுக்குப் பாதிதான் மாமா, மாறவே மாறாது,” என்று நைனாவிடம் அடித்துச் சொன்னார். மாறித்தான் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, இவர் கணக்கில் மாறவில்லையாம். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அம்மா அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் பல்பு உயிரைவிட்டது. நைனா ஓடிப்போய் வீட்டுக்காரரின் பெட்டியைக் கிளறினார். அறுபது வாட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. நூறு இருந்தது, இருபத்தைந்து இருந்தது. பிள்ளையைப் போட்டுப் பொசுக்கிய பல்பைவிடச் சின்னதாகப் போட்டால் சூடு அடங்கும் என்று இருபத்தைந்தைக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டியதும் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். அந்தக் குட்டிப் பல்பு, முன்பு எரிந்த அறுபது வாட்டு தோற்கும்படி எரிந்தது. பார்க்கக் கண் கூசியது. அந்தப் பக்கம் நூறு வாட்டுப் பல்பில் கம்பி மட்டும் நெருப்புக்குச்சி அணைந்ததுபோலச் சிவப்பாகத் தெரிந்ததாம். மிஷின் அடியோடு நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் தையற்காரர் சுவருக்கு மேலே பேசுவதை விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

“அண்ணாத்தே, உனக்குப் புள்ள பெருசுன்னு எனக்கும் தெரியும். எனக்கு வயிறு கீதுன்றது உனக்குத் தெரியலியா? குட்டி பல்ப மாட்டிக்கினு என் கரண்ட்ட மொத்தமா இஸ்துக்கினா நான் இன்னாத்த தைக்கிறது?”

“சின்ன பல்பு எப்டிய்யா அதிகமா இஸ்துக்கும்? நீ உன் வூட்டு ஒயர்ல இன்னாவோ கோல்மால் பண்ணிட்டு என்னாண்ட டபாய்க்கிற,” என்றார் நைனா.

“நானா? கர்த்தர் மேல ஆணையா நான் ஒயர தொடல.”

இப்படி இருவரும் முட்டிக்கொண்டு நிற்கும்போதே பெட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம். இருட்டிவிட்டது. இருபத்தைந்து வாட்டும் போய்விட்டது.

மழைக்காலத்து மத்தியான இருட்டு உங்களுக்குத் தெரியும். ஓட்டிடுக்கில் வந்த சாம்பல் வெளிச்சத்தில் ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது. கடற்காற்று கதவிடுக்கில் ஊதியது. ஈயத்தாள் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று நைனாவே சொல்லியிருந்தார். வாசலுக்கும் பெட்டிக்கும் நடுவில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தேன். நைனா இன்னொரு இருபத்தைந்து வாட்டு எடுத்துவரக் கிளம்பினார்.

அப்போதுதான் மாமா பட்டறையிலிருந்து நனைந்துகொண்டு உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டவர், நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மாமா, நில்லு. இன்னொண்ணு போட்டாலும் அதுவும் பூடும்.”

“எப்டி? ஆளுக்குப் பாதின்னு நீதானே சொன்ன?”

மாமா பேனாவைத் தேடினார். மழையில் மை கரைந்து சட்டைப்பை நீலமாகியிருந்தது. தையற்காரர் தன் காதில் செருகியிருந்த துணி அடையாளமிடும் சாக்குக்கட்டியை எடுத்து நீட்டினார். மாமா அதை வாங்கிக் கதவுப் பலகையில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே பேசினார், தனக்குத்தானே பேசுகிறாரா, எங்களிடம் பேசுகிறாரா என்று தெரியவில்லை.

“வோல்ட்டையும் கரண்ட் ஓட்டத்தையும் பெருக்கினா வாட்டு. இவரு பல்பு நூறு வாட்டு, நூத்திப்பத்து வோல்ட். அப்போ அதுல ஓட வேண்டியது முக்கால் ஆம்பியருக்கும் மேல, ஒரு ஆம்பியர ஒரு ரூபான்னு வச்சிக்கினா கிட்டத்தட்ட தொண்ணூறு பைசா அளவு. நம்ம பல்பு இருபத்தஞ்சு வாட்டு. அதுக்கு இருபத்திமூணு பைசா அளவு போதும். ஆனா ஒரே ஒயரு. ஒரே ஓட்டம். அதுல தொண்ணூறும் இதுல இருபத்திமூணும் எப்டி ஓடும்?”

“கணக்கு போட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ள வெறச்சிடும்டா,” என்று நைனா பல்லைக் கடித்தார்.

“ஓடாது,” என்றார் மாமா. அவர் குரல் மாறிவிட்டது. “வோல்ட்ட ஓட்டத்தால வகுத்தா தடை. இவரு பல்புக்கு நூத்தி இருபத்தொண்ணு. நம்ம குட்டிக்கு நானூத்தி எண்பத்திநாலு. ரெண்டும் சேந்தா அறுநூத்தி அஞ்சு. அஞ்சுல நாலு பங்கு தடை நம்ம குட்டியோடது. அப்போ வோல்ட்டும் அஞ்சுல நாலு பங்கு அது மேலதான் உழும்.” சாக்குக்கட்டி கீச்சென்றது. “நூத்தி எழுபத்தாறு. இவருக்கு மீதி நாப்பத்திநாலு.”

“நூத்திப்பத்து தாங்குற பல்பு மேல நூத்தி எழுபத்தாறா?” என்றார் தையற்காரர்.

“அதான் அறுபத்திநாலு வாட்டா எரிஞ்சி செத்துச்சு. உன்னுது நூறு வாட்டு, பதினாறு வாட்டாதான் எரிஞ்சிது. யாரும் யாரையும் உறிஞ்சல. பாதிப் பாதின்னு சொன்னேனே, நான்தான் மடையன். ரெண்டும் ஒரே அளவா இருந்தாதான் பாதி.”

தையற்காரர் நைனாவைப் பார்த்தார். “அப்போ நான் பெருசு போட்டதாலதான் உன் புள்ளைக்கு சூடு ஏறிச்சா?”

“நான் சின்னது போட்டதாலதான் உன் வெளிச்சம் போச்சு,” என்றார் நைனா. இரண்டு நாளாகக் கத்திய இரண்டு மனுஷர்களும் அந்தச் சாக்குக்கட்டி எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டமும் பாய்ச்சலும்தான். தையற்காரரே மழையில் ஓடி வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து ஒரு நூறு வாட்டைத் துண்டில் பொதிந்துகொண்டு வந்தார். நூறை உள்ளே விட்டால் பிள்ளை வறுபட்டுப் போகும் என்று நைனா பயந்தார். ஒயரைப் பெட்டி விளிம்புக்கு மேலே தூக்கிக் கட்டினால் போதும் என்று மாமா சொன்னார். மாட்டினார்கள். இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் பளீரென்று விளக்கு வந்தது. அந்த மாதிரி வெளிச்சத்தை அந்தக் கட்டடம் அதுவரை பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தையற்காரர் சம்சாரம், “அய்ய, ஊசிக் காது தெரியுதுங்க,” என்றாள். பெட்டியில் வெறும் பஞ்சுதான் இருந்தது; மாமா முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“குடு, புள்ளைய வையி. பொட்டி சூடாயிடுச்சு,” என்று நைனா திரும்பினார்.

அப்போதுதான் எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். பல்பு போன உடனேயே அவள் தம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள். சுவரோரம் சாய்ந்து, ரவிக்கைக்குள் அவனை நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே புடவையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே அவனுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

“தர மாட்டேன்,” என்றாள்.

“ஏமே, நர்ஸம்மா இன்னா சொன்னாங்க? கை படக்கூடாதுன்னாங்களா இல்லியா?”

“நர்ஸம்மாவா பெத்தாங்க? பெத்தது நானு. இத்தினி நாளா அவன அணைச்சிக்கினு கீறது பல்பு. நான் பொட்டியத் தடவிக்கினு குந்திக்கினு கீறேன்.” அம்மா அழவில்லை. அவள் கோபத்தில் இருந்தாள். அவ்வளவு கோபத்தை நான் அவளிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “தொட்டுப் பாரு. கால தொட்டுப் பாரு. சில்லுனு கீதான்னு பாத்துட்டுச் சொல்லு.”

நைனா புடவைக்குள் கையை விட்டுத் தம்பியின் பாதத்தைத் தொட்டார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நானும் தொட்டேன். கதகதவென்று இருந்தது. பெட்டிக்குள் இருந்தபோது அவன் மூச்சு விட்டுவிட்டு வரும்; அப்போது அம்மாவின் மூச்சோடு சேர்ந்து ஒரே சீராக வந்தது.

“சரி, அப்போ அந்த வெளக்க அணைச்சிடலாம்,” என்று நைனா எழுந்தார்.

“அய்யய்யோ அண்ணாத்தே, உன்னுது எரிஞ்சாதானே என்னுது எரியும்,” என்று பதறினார் தையற்காரர்.

ஆகவே விளக்கு எரிந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் துணியும் முடியும்வரைக்கும், ஆள் இல்லாத தேயிலைப் பெட்டியில் வெறும் பஞ்சுக்கு மேலே நூறு வாட்டு எரிந்துகொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடியது. இந்தப் பக்கம் அம்மா பகலெல்லாம் தம்பியை மார்பில் கட்டிக்கொண்டு இருந்தாள். ஒற்றைக் கையால் சோறு வடித்தாள். படுத்தால் அவன் நசுங்குவான் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். பாலாடைக்கு இனி வேலை இல்லாமல் போய், ஒரு நாள் அவனே தேடிக் குடித்துவிட்டான்.

நர்ஸம்மா வரும் நேரத்தில் மட்டும் நான் வாசலில் நிற்க வேண்டும். தெருமுனையில் அவள் குடை தெரிந்ததும் உள்ளே ஓடிச் சொல்வேன். அம்மா தம்பியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்பாள். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. நர்ஸம்மா அவனைத் தூக்கிப் பார்த்து, “நல்லா தேறிட்டான். பொட்டி வேல செய்யுது,” என்பாள். ஒரு நாள் பெரிய டாக்டரம்மாவையே கூட்டிக்கொண்டு வந்து பெட்டியைக் காட்டினாள். டாக்டரம்மா நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தெருவே வந்து பார்த்தது. தம்பிக்கு ‘பல்பு’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

போகப் போக, பெட்டிதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்றே நைனாவுக்கும் ஞாபகம் தங்கிவிட்டது. பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பெட்டி செய்தது அவர், ஒயர் கட்டியது அவர், அதுதான் அவருக்கு நினைவில் நின்றது. மாமா சாகிறவரை, “அந்த அறுநூத்தி அஞ்சு மட்டும் நான் கண்டுபுடிக்கலேன்னா,” என்று ஆரம்பிப்பார். தையற்காரர், தன் வீட்டு விளக்கு வழியாகப் போன கரண்ட்டில் வளர்ந்த பிள்ளை என்று தம்பிக்கு வருஷா வருஷம் சட்டை தைத்துக் கொடுத்தார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறக்கப் போனால் ஒரு பார்வை பார்ப்பாள்.

அம்மா போன பிறகு தம்பிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. திருவொற்றியூரில் ஒரு மண்டபம். அவன் பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தாத்தா ஒரு கப்பல் பல்பை வைத்து எங்கள் அப்பாவைப் பிழைக்க வைத்தார், எங்கள் அப்பா கரண்ட் வளர்த்த பிள்ளை என்று பேசினான். எல்லாரும் கைதட்டினார்கள். தம்பியும் மாலையோடு நின்று சிரித்தான். எனக்குக் காலடியில் நெருப்பு வைத்தது மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் பார்வையும் அங்கே இல்லை. எழுந்து போனேன். இந்த வயசில் மேடையேற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

“பல்பு இல்லடா,” என்றேன் தம்பியைப் பார்த்து. மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. “அந்தப் பல்பு காலிப் பொட்டியில எரிஞ்சிது. நீ அம்மா ரவிக்கைக்குள்ள இருந்த. தை மாசம் வரைக்கும் அவ உன்ன எறக்கி வைக்கல. படுக்கக்கூட இல்ல.”

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. “அம்மா ஏன் என்னாண்ட சொல்லவே இல்ல?”

“மூணு ஆம்பளைங்க சந்தோஷமா இருந்தாங்க. அத ஏன் கெடுக்கணும்னு உட்டுட்டா.”

அறுபது வயசுக்காரன், தலை முழுக்க நரை. என்னிடம் குனிந்து, “எந்தப் பக்கம் வச்சிருந்தா?” என்று கேட்டான்.

இடது பக்கம், நெஞ்சு துடிக்கிற பக்கம் என்றேன். அதற்கு மேல் அவனால் மாலையோடு நிற்க முடியவில்லை, மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.